எடை எழுதாத டயர் நோட்டு

என் கண்ணான மகனுக்கு அம்மா எழுதுவது. வடிவுடையம்மன் தயவில் இங்கே யாரும் படுக்கையில் இல்லை. எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று வருஷத்தில் நீ எழுதிய முதல் நீளக் கடிதம் அதுதான். மற்றதெல்லாம் கார்டில் நாலு வரி, தேயிலைத் தோட்டத்தில் குளிர் அதிகம், வேலை இருக்கிறது, கவலைப்பட வேண்டாம் என்று. இந்தக் கடிதத்தில் நீ மனதைத் திறந்திருக்கிறாய். உன் முதலாளி ஒரு சின்ன இரண்டு பேர் மோட்டார் வாங்கியிருக்கிறார், அடுத்த மாதம் மலை ஏறும் போட்டிக்கு நீதான் ஓட்ட வேண்டும் என்கிறார், பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்று அகலமான டயர் போடச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். "நைனாவும் நம்ம வண்டிக்கு அகலம்தானே போட்டார், அவர் பார்த்துப் போட்டது தப்பாக இருக்காது, தப்பு என் கையில்தான் இருந்தது" என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்துவிட்டு நான் சாமி விளக்குக்கு முன்னால் உட்கார்ந்தவள், வெகு நேரம் எழுந்திருக்கவில்லை.

இந்தக் கடிதத்தை ஒட்டாமல் அனுப்புகிறேன். தபால்காரர் படித்தாலும் படிக்கட்டும். உன் முதலாளிக்குத் தமிழ் வாசிக்க வராவிட்டால் தோட்டத்துக் கணக்கரை விட்டுப் படித்துக் காட்டு. உன்னோடு வேலை செய்கிறவர்களிடமும் படி. பழி உன் மேல் விழுந்தபோது பத்துப் பேர் இருந்தார்கள். அதை எடுக்கிறபோது மட்டும் உன் காதோடு ரகசியமாகச் சொன்னால் அது நியாயம் இல்லை.

நான் பள்ளிக்கூடம் போகாதவள் என்று உனக்குத் தெரியும். தமிழ் எழுத்து, கோவில் சுவரில் பதிகம் எழுதியிருந்ததை விரலால் தடவித் தடவி வந்தது. இங்கிலீஷ் இலக்கமும் எழுத்தும் உன் நைனாவின் கொட்டகையில் வந்தது. இராயபுரத்துக் கொட்டகையில் சாய்த்து வைத்திருக்கிற டயர்களின் விலாவில் எழுத்து புடைத்துக்கொண்டு இருக்குமே, மத்தியானச் சோறு கொண்டுபோகிறபோதெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்து, இது என்ன, இது என்ன என்று கேட்டுக் கேட்டுப் படித்தேன். உன் நைனா சிரிப்பார். "ஊரே சிலேட்டுல படிக்குது. எம் பொண்டாட்டி ரப்பருல படிக்கிறாடா" என்று உன் பெரியப்பாவிடம் சொல்வார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே கொட்டகையில் வேலை செய்தார்கள். ஒருவர் டயர் ஒட்டுவார், ஒருவர் காற்றடிப்பார், வேலை முடிகிறவரை ஒருவரையொருவர் வாரிக்கொண்டே இருப்பார்கள்.

அப்படிப் படித்த எழுத்தை வீணாக்கக் கூடாது என்று நான் ஆரம்பித்ததுதான் அந்த நோட்டு. எந்த டயர், எத்தனை அங்குல அகலம், எந்த மாதம் போட்டது, எத்தனை மாதம் ஓடியது, எந்த ரோட்டில் வெடித்தது, மழையில் வழுக்கிற்றா இல்லையா. கொட்டகைக்கு வருகிற ஒவ்வொரு வண்டிக்காரரையும் உன் நைனா கேட்டு வந்து சொல்வார், நான் அன்றன்றைக்கே எழுதிவிடுவேன். ஏழு வருஷம் ஒரு நாள் விடாமல் எழுதினேன். வெள்ளிக்கிழமை அம்மன் கோவிலுக்குப் போய் வந்த பிறகு, அந்த வாரத்து வரிகளை ஒரு தடவை திருப்பிப் படிப்பேன். அது எனக்குப் பாராயணம் மாதிரி. யாராவது டயர் வாங்க வந்து தயங்கினால் உன் நைனா, "இருங்க, வூட்ல கேட்டுச் சொல்றேன்" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். அந்த நோட்டின் மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை. எனக்கு அதில் கர்வம் வந்தது. அம்மனுக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டியதை உனக்கும் சொல்கிறேன்: எனக்குக் கர்வம் வந்தது.

துறைமுகத்து வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பிப் போகிறபோது, முன்பக்கம் நசுங்கிப் போன அந்தக் குட்டி வண்டியை ஓட்டை உடைசல் விலைக்குத் தள்ளிவிட்டுப் போனது உனக்கு மறந்திருக்காது. நீயும் நைனாவும் ஒரு வருஷம் அதோடு மல்லாடினீர்கள். தகரத்தைத் தட்டி, மரச்சட்டம் வைத்து, பாரத்தை எங்கெங்கே குறைக்கலாம் என்று பார்த்துப் பார்த்துக் குறைத்தீர்கள். உன் பெரியப்பா அதைச் சுற்றி வந்து, "இன்னாடா இது, மோட்டாரா, முறுக்கு டப்பாவா? ரெண்டு பேருதான் குந்தலாம்னா மூணாவது ஆளு இன்னா கயிறு கட்டிப் பின்னால ஓடியாறதா?" என்று கேட்டார். நீ ஸ்பானரைக் கீழே வைக்காமலே, "பெரிப்பா, நீ குந்துனாலே ரெண்டு ஆளு கணக்கு முடிஞ்சிடும். நாங்கதான் ஓடியாறணும்" என்றாய். அவர் தொப்பையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். உன் பெரியப்பா உன்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் எனக்கு இன்னும் ஞாபகம் இருப்பது அதுதான். பிறகு வண்டியை அரிசி மண்டிக்குத் தள்ளிக்கொண்டு போய், மூட்டை நிறுக்கிற தராசில் ஒவ்வொரு பக்கமாக ஏற்றி நிறுத்தீர்கள். நாற்பது மணங்கு. ஆறு மூட்டை அரிசி எடைகூடச் சரியாக வரவில்லை. மண்டிக்காரர், "இதைக் காத்தடிச்சா பறந்துடும், மேல ஒரு கல்லு வையுங்கோ" என்று கேலி பேசினார். நைனா வீட்டுக்கு வந்து, நாற்பதே மணங்கு, நாற்பதே மணங்கு என்று பிள்ளை பிறந்த மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த எடையை நான் நோட்டில் எழுதவில்லை. எடைக்கென்று என் நோட்டில் கட்டமே கிடையாது. அகலத்துக்கு இருந்தது, மாதத்துக்கு இருந்தது, ரோட்டுக்கு இருந்தது, மழைக்கு இருந்தது. எடையைக் கேட்டு எழுத வேண்டும் என்று ஏழு வருஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

இனி நான் சொல்வது நீ இல்லாதபோது நடந்தது. அன்று நீ மாத்தூருக்கு ஒரு பஞ்சர் வண்டியைப் பார்க்கப் போயிருந்தாய். நைனா இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தார். ஒன்று நாலு அங்குலம், ஒன்று ஐந்தேகால். அகலம் பார்க்க அவருக்கு ஒரு வழி உண்டு. டயரில் விளக்குக் கரி பூசி, வண்டியில் மாட்டி, பழைய காகிதத்தின் மேல் ஒரு உருட்டு உருட்டி, விழுகிற அச்சைப் பார்ப்பார். கரி வாசலெல்லாம் படுகிறதே என்று நான் அன்றைக்குக் கோலமாவு எடுத்துக் கொடுத்தேன். டயரில் மாவைத் தடவி, வாசல் கருங்கல்லின் மேல் வண்டியைத் தள்ளினார். நாலு அங்குல டயர் ஒடுக்கமாக, நீளமாக, அழுத்தமாக ஒரு அச்சு போட்டது. மாவு கல்லுக்குள்ளே போன மாதிரி இருந்தது. ஐந்தேகால் டயர் அகலமாக, குட்டையாக, வெளுத்துப் போய் ஒரு அச்சு போட்டது. ஊதினால் போய்விடும். உன் நைனா இரண்டையும் குந்திப் பார்த்தார். "இது கடிச்சிகினு கீது. அது சும்மா மேல குந்திகினு கீது. நாலே போதும்மே" என்றார்.

நான்தான் விடவில்லை. எனக்கு அந்த அகல அச்சு பெரிய கோலம் மாதிரி அழகாக இருந்தது. கல்லை அதிகம் தொடுகிற டயர்தானே கல்லை அதிகம் பிடிக்கும் என்று கேட்டேன். நோட்டை எடுத்து வந்து பிரித்தேன். "பாருங்க, அஞ்சுக்கு மேல அகலம் இருக்கிற டயரு ஒண்ணுகூட மழையில வழுக்கினதா இல்ல. வழுக்கினது அத்தனையும் ஒடுக்க டயருதான். ஏழு வருஷம் எழுதியிருக்கேன்" என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அது லாரிக்குமே. இது இன்னா லாரியா?" என்றார். "நோட்டுல லாரி, மோட்டாருன்னு தனியா இல்ல. டயருன்னுதான் இருக்குது" என்று நான் சொன்னேன். எத்தனை புத்திசாலித்தனமாகப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் அந்த அச்சுகளையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "சரி. கணக்குப்புள்ள அம்மா சொல்லிட்டாங்கன்னா சர்க்காரே கேட்டுக்கணும்" என்று ஐந்தேகாலை எடுத்து மாட்டினார். சாயங்காலம் நீ வந்து பார்த்தாய். "இன்னா நைனா, இவ்ளோ அகலம்?" என்றாய். "அது அப்டித்தான்டா" என்றார். நான் அடுப்படியில் இருந்தேன். என் பெயரை அவர் சொல்லவில்லை. சொன்னால் நீ என்னோடு வாதாடுவாய் என்றுதான் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் என்னை மட்டும் அந்த வண்டியில் உட்கார வைத்து எண்ணூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போன ஒரே பயணம் அது. நான் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு அம்மா தாயே அம்மா தாயே என்று சொல்லிக்கொண்டு போனேன். உப்பளத்தைத் தாண்டி மணல் வந்ததும் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, மணலிலேயே ஓட்டினார். மாட்டு வண்டி புதைகிற இடத்தில் அந்தக் குட்டி வண்டி மேலே மேலே மிதந்துகொண்டு போனது. "உன் நோட்டு சொன்னது சரிதான்மே" என்றார். எனக்கு ஆகாயத்தில் பறப்பது போல இருந்தது. மணலில் எது நம்மை மிதக்க விட்டதோ, தண்ணீரிலும் அதுவேதான் மிதக்க விடும் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும், கொஞ்சம் யோசித்திருந்தால். என் சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு அவரும் யோசிப்பதை விட்டுவிட்டார்.

ஐப்பசி முதல் மழை அன்று நீ ஓட்டினாய், நைனா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அது பெரிய மழைகூட இல்லை. கோடையெல்லாம் ரோட்டில் படிந்த நிலக்கரித் தூளும், மீன் வண்டிகளில் ஒழுகினதும், முதல் தூறலில் ஊறிக் குழம்பாகிக் கிடந்தது. மரத்தொட்டி வளைவில் கட்டை ஏற்றின மாட்டு வண்டி குறுக்கே வந்தது. நீ பிரேக் மிதித்தாய். வண்டி நிற்கவில்லை. எண்ணெய்த் தரையில் தட்டைத் தள்ளிவிட்ட மாதிரி, திருப்பினதற்கும் மிதித்ததற்கும் கேட்காமல் நேரே போயிற்று. மாட்டு வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கட்டை உன் நைனாவின் மார்பில் இடித்தது. உனக்குக் கையில் சிராய்ப்பு. நீ இத்தனையையும் உன் கடிதத்தில் மறுபடியும் எழுதியிருக்கிறாய், கொஞ்சம் முன்னாடியே மிதித்திருந்தால், கொஞ்சம் இடப்பக்கம் ஒடித்திருந்தால் என்று. மூன்று வருஷமாக அந்த வளைவிலேயே நின்றுகொண்டிருக்கிறாய் என்று தெரிந்தது.

இப்போது நான் உனக்குத் தர வேண்டியதைத் தருகிறேன். ஆஸ்பத்திரியில் உன்னை வேறு அறையில் கட்டுப் போட வைத்திருந்தார்கள். நான் நைனா பக்கத்தில் இருந்தேன். அவருக்கு மூச்சு விட்டு விட்டு வந்தது. ஆனால் புத்தி தெளிவாக இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ரப்பரு தண்ணி மேல ஏறிக்கிச்சுமே. ரோட்டைத் தொடவே இல்ல. அகலம் ஜாஸ்தி. பையன் சரியாத்தான் மிதிச்சான். நானா இருந்தாலும் அப்டித்தான் மிதிச்சிருப்பேன். அவன் கையில தப்பு இல்லன்னு சொல்லிடு. சொல்லிடும்மே." நான் சரி என்றேன். மறுபடியும், "சொல்லிடுவே இல்ல? சொல்லிடுவே இல்ல?" என்று கேட்டார். சரி என்று தலையை ஆட்டினேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் போய்விட்டார்.

இது உனக்கென்று அவர் சொல்லியனுப்பியது. நான் கையில் வாங்கிக்கொண்டு மூன்று வருஷம் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

ஏன் கொடுக்கவில்லை என்று நீ கேட்பாய். முதல் நாள் அழுகைக்கு நடுவில் எதைச் சொல்வது என்று விட்டேன். பத்தாம் நாள் சடங்கு முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது, உன் பெரியப்பா தம்பியை நினைத்து நினைத்து அழுதவர், திடீரென்று உன் பக்கம் திரும்பினார். "உன் கையாலதான்டா எந் தம்பி போனான். மூஞ்சியைக் காட்டாதே" என்றார். நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் இப்போதும் பார்க்கிறேன். அம்மா ஏதாவது சொல்வாள் என்று நினைத்துத்தானே பார்த்தாய்? சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் கையில் தப்பு இல்லை என்று சொன்னால், பின்னே எதில் தப்பு என்று கேட்பார்கள். டயரில் என்றால், யார் அந்த டயரைப் போடச் சொன்னது என்று கேட்பார்கள். தாலி அறுத்து அரை மணி நேரம் ஆகவில்லை. புருஷனை நானேதான் அனுப்பினேன் என்று அத்தனை பேருக்கு முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். பெற்றவள் தலை குனிந்ததைப் பார்த்து, பெரியப்பா சொன்னது நிஜம் என்று நீ எடுத்துக்கொண்டாய். பதினேழாம் நாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாய். நான் தயிர்ச் சாதம் கட்டிக் கொடுத்தேன், நெற்றியில் விபூதி வைத்தேன், போய் வா என்றேன். அப்போதும் சொல்லவில்லை.

அம்மனிடம் சொன்னேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொன்னேன். சொல்லிவிட்டு வந்தால் பாரம் குறைந்த மாதிரி இருக்கும், வாரம் ஓடிவிடும். அதுவும் ஒரு ஏமாற்று வேலைதான் என்று உன் கடிதம் வந்த பிறகு தெரிந்தது. கேட்க வேண்டியவன் மலையில் இருக்கிறான், நான் கோவிலில் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ சும்மா மனம் வெதும்பிக்கொண்டு மட்டும் இருந்திருந்தால் இன்னும் பத்து வருஷம் நான் வாய் திறந்திருக்க மாட்டேனோ என்னவோ. நைனா போட்ட டயர் என்று நம்பி நீ அதே அகலத்தை மழை பெய்கிற மலை ரோட்டில் போடப் போகிறாய் என்று படித்ததும்தான் காகிதமும் பேனாவும் எடுத்தேன். என் மௌனம் ஒருவரை நம்பவைத்துக் கெடுத்தது போதும்.

அகலத்தைப் பற்றி எழுதினாயே, அதற்குப் பதில் சொல்கிறேன். நைனா இறந்த வருஷமே நான் அந்த நோட்டை மறுபடி பிரித்தேன். பழி எங்கே என்று எனக்கு முழுசாகத் தெரிய வேண்டும் என்றிருந்தது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஓரத்தில், அது என்ன வண்டி, சுமையோடு என்ன எடை என்று விசாரித்து விசாரித்துச் சிவப்பு மையில் எழுதினேன். தண்டையார்பேட்டை, மணலி வரைக்கும் வண்டிக்காரர் வீடுகளுக்குப் போய்க் கேட்டேன். எழுதி முடித்ததும் குழந்தைக்குக்கூடப் புரிகிற மாதிரி இருந்தது. அகல டயர் அத்தனையும் துறைமுகத்து லாரிகளுடையது. அவை வழுக்காதது அகலத்தால் இல்லை, மேலே இருந்த பாரத்தால். சுமையேற்றின லாரியில் டயரின் ஒவ்வொரு அங்குல அகலத்துக்கும் பன்னிரண்டு, பதின்மூன்று மணங்கு உட்கார்ந்திருக்கிறது. அத்தனை அழுத்தத்தில் எந்தச் சேறும் தண்ணீரும் விலகிக்கொண்டு வழி விடும். நம் வண்டியில் உங்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஐம்பத்திரண்டு மணங்கு. ஒரு சக்கரத்துக்குப் பதின்மூன்று. நாலு அங்குல டயர் போட்டிருந்தால் அங்குலத்துக்கு மூன்றேகால் மணங்கு வந்திருக்கும். ஐந்தேகாலில் இரண்டரைக்கும் கீழே போய்விட்டது. அதே எடையைத்தான் பரப்பி விட்டேன் நான், அப்பளத்தை இழுத்து இழுத்து மெல்லிசாக்குகிற மாதிரி. தண்ணீரைக் கிழிக்க அதற்குப் பலம் இல்லை.

உன் முதலாளி வண்டி நாற்பத்து நாலு மணங்கு என்று எழுதியிருக்கிறாய். உன்னையும் பக்கத்து ஆளையும் சேர்த்து ஐம்பத்தாறு, சக்கரத்துக்குப் பதினாலு. காய்ந்த ரோடானால் நாலரை போடு, மூன்றுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். மழைக்காலமானால் நாலுதான். அங்குலத்துக்கு மூன்று மணங்குக்குக் கீழே விடாதே. அதற்காக மூன்றரை அங்குலம், மூன்று அங்குலம் என்று ஒடுக்கிக்கொண்டே போகவும் வேண்டாம். ரொம்ப ஒடுங்கினால் வளைவில் சூடேறிச் சீக்கிரம் தேய்கிறது, கல் குத்தினால் தாங்குவதில்லை. அதுவும் நோட்டில் இருக்கிறது. இன்னொன்று, நாலு அங்குலத்துக்குச் செய்த ரிம்மில் ஐந்தேகாலை ஏற்றினால் டயர் வளைவில் பக்கவாட்டில் சாய்ந்து, வண்டி ஒரு கணம் தாமதித்துத்தான் திரும்பும். நம் வண்டியில் அதுவும் இருந்தது. நீ இடப்பக்கம் ஒடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஒடித்தாய் கண்ணு. வண்டிதான் கேட்கவில்லை.

முதலாளி அழகைச் சொன்னால் எதிர்த்துப் பேசாதே. வேலைக்கு இருக்கிறவன் முகத்துக்கு நேரே இல்லை என்று சொன்னால் அவருக்கு வீம்பு வரும். அவர் வீட்டு வாசலிலேயே இரண்டு டயரிலும் மாவு தடவி உருட்டிக் காட்டு. எது கடிக்கிறது, எது மேலே உட்கார்ந்திருக்கிறது என்று அவரையே சொல்லச் சொல்லு. நான் அந்த அச்சைத் தப்பாகப் படித்தேன். அவர் சரியாகப் படிக்கட்டும். அப்படியும் அகலம்தான் வேண்டும் என்றால், நான் ஓட்டவில்லை ஐயா என்று சொல்லிவிட்டு வா. வேலை போனால் போகட்டும். ஓட்டவே பயமாக இருக்கிறது என்றும் எழுதினாயே, அது வேறு. பயந்து ஓட்டுவதை விடுவதாக இருந்தால் விட்டுவிடு, நான் வருந்த மாட்டேன். குற்றம் செய்தவன் என்று நினைத்து ஓட்டுவதை விடாதே. அதற்கு உனக்கு உரிமை இல்லை. அந்தக் குற்றம் உன்னுடையது இல்லை.

இந்தக் கடிதத்தை நேற்றே எழுதி முடித்திருக்கலாம். உனக்கு மட்டும் எழுதிவிட்டு, இங்கே பழைய பழியை அப்படியே விட்டால் பாதிதான் செய்தவளாவேன் என்று தோன்றிற்று. இன்று காலையில் குளித்துவிட்டு உன் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். பெரியம்மா கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள், எதிர்வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். வாசற்படியிலேயே நின்று சொன்னேன். "மாமா, அந்த அகல டயரு நான் போடச் சொன்னது. அவரு வேணாம்னாரு. நான்தான் நோட்டைக் காட்டி மடக்கிப் போட வெச்சேன். பையன் சரியாத்தான் மிதிச்சான்னு அவரு சாகும்போது எங்கிட்ட சொல்லிட்டுப் போனாரு. பத்தாம் நாளு நீங்க பையனைச் சொன்னப்போ நான் வாயை மூடிகினு இருந்துட்டேன்."

பெரியம்மா, "அடிப் பாவி" என்றாள். அது எனக்குச் சரியான பெயர்தான். உன் பெரியப்பா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூழ் ஆறி ஆடை படிந்துவிட்டது. பிறகு, "மூணு வருஷமாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். "அவன் மூஞ்சியைப் பாக்க மாட்டேன்னு சொன்னேனே" என்றார். என்னிடம் சொல்லவில்லை, கிண்ணத்திடம் சொன்னார். எழுந்து போய்க் கை கழுவினார். வெகு நேரம் கழுவினார். திரும்பி வந்து, என்னைப் பார்க்காமல், "அவன் விலாசத்தை எழுதிக் குடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். அவருக்கு எழுத வராது. யாரிடமாவது சொல்லி எழுதுவிப்பார். அந்தக் கடிதம் இதற்கு முன்னே வந்தாலும் வரும். அதில் மன்னிப்பு என்ற பேச்சு இருக்காது, அவருக்கு அதெல்லாம் சொல்லத் தெரியாது. அங்கே குளிர் எப்படி, கம்பளி இருக்கிறதா என்று கேட்டிருப்பார். அதுதான் அது என்று எடுத்துக்கொள்.

என்னை மன்னி என்று நான் கேட்கவில்லை. உனக்குக் கோபம் வரும். வர வேண்டும். எழுத முடிந்தால் திட்டி எழுது, ஒரு எழுத்து விடாமல் படிப்பேன். எழுதப் பிடிக்காவிட்டால் என்னை விட்டுவிடு. ஆனால் நைனா சொல்லியனுப்பியது உன்னிடம் வந்து சேர்ந்தது என்று மட்டும் ஒரு கார்டு போட்டுவிடு, கண்ணு. சொல்லிடுவே இல்ல என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனார்.

உன் அம்மா